எந்த ஆயில் என்று அவருக்குத்தான் தெரியும்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த ஐந்தாவது மாதம் காருக்கு ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. அவருக்கு வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. போன பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. "சரி." பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றால் அதற்கும் சரி. ஃபேனைப் போடவா, நிறுத்தவா, இரண்டுக்கும் சரி.

முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு 'சரி' வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாமல்லபுரம் போய்க் கடற்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வரலாமா? வேண்டாம், கூட்டம். சமையலறைக்கு டைல்ஸ் போடலாமா? வேண்டாம், வழுக்கும். மகள் பிறந்த நாளுக்கு ஓட்டலுக்குப் போகலாமா? வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது. வேண்டாம் என்று சொல்லவே பிறந்தவர். கடவுள் எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவைத்தார் பாருங்கள்.

செங்கல்பட்டில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள். "இந்த 'சரி' அவர் சொல்றது இல்லம்மா. வாய் தானா சொல்லுது. அவர் எப்படியாவது 'வேண்டாம்'னு காட்டணும். அது வந்துட்டா மத்தது பின்னாலயே வரும். முதல் ஆறு மாசம்தான் முக்கியம், ஒரு நாள்கூட விட்டுடாதீங்க." அன்றிலிருந்து நான் ஒரு வேண்டாமுக்காகக் காத்திருந்தேன். சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டுக்கூடப் பார்த்தேன். சரி என்று சாப்பிட்டார்.

எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்தில். அவர் கல்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் சோதனைக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நேரம் வந்தபோது, ஊருக்குத் திரும்பிப் போகவும் மனமில்லாமல் சென்னைக்குப் போகவும் தெம்பில்லாமல் இங்கேயே ஒரு சின்ன வீடாக வாங்கிக்கொண்டோம். வாரத்தில் மூன்று நாள் அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு போவேன். பஸ் படி அவரால் ஏற முடியாது. வாடகைக் கார் இந்தப் பக்கம் கூப்பிட்ட நேரத்துக்கு வராது. ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். கற்றுக்கொடுத்தவர் அவர்தான், பக்கத்தில் உட்கார்ந்து "வேண்டாம், வேண்டாம், பிரேக்" என்று சொல்லியே.

ஓட்டக் கற்றுக்கொண்டேனே தவிர, அந்தப் பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடப் பழைய பெட்ரோல் வண்டி. மெக்கானிக் ஒருவனையும் அதில் கைவைக்க விடமாட்டார். டயருக்குக் காற்றடிக்க மட்டும்தான் வெளியே போகும். ஆயிலை அவரே எங்கோ போய் வாங்கி வருவார், அவரே கீழே படுத்துப் பழசை வடிப்பார், அவரே புதுசை ஊற்றுவார். அன்று முழுக்கக் குஷியாக இருப்பார். நான் துணி காயப்போட்டுக்கொண்டே, சட்டையில் கறையாக்கிவிட்டீர்கள் என்று திட்டுவேன். அந்த வேலையில் என் பங்கு அவ்வளவுதான்.

கல்பாக்கம் போகிற ரோட்டில் ஒரு வேப்பமரத்தடி ஷெட். காற்றடிக்கப் போன இடத்தில் அங்கிருந்த மெக்கானிக் தானாகவே பானெட்டைத் திறந்து, அளவு பார்க்கும் குச்சியை உருவினார். விரலில் தொட்டுத் தேய்த்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னா மேடம் இது? ஆயிலா தாரா? எப்ப மாத்துனீங்கோ?"

"சார்தான் மாத்துவார்."

"சாரு எப்ப மாத்துனாரு?" என்று அவர் காருக்குள் குனிந்து கேட்டார்.

"சரி" என்றார் என் கணவர்.

மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் பேசினார். "இப்டியே ஓட்டிகினு இருந்தீங்கன்னா இன்ஜின் புடிச்சிக்கும் மேடம். சாரை வெச்சிகினு நடு ரோட்ல நிப்பீங்க. ஒரு வாரத்துக்குள்ள மாத்திடுங்க. ஆனா சாரு இத்தினி வருசமா இன்னா ஊத்துனாரோ அதையே வாங்கியாங்க. பழைய இன்ஜினு, மாத்தி ஊத்துனா பேஜாரு."

இத்தனை வருடமாக என்ன ஊற்றினார்? அது ஒருவருக்குத்தான் தெரியும். அவர் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

காரோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அதில் ஆயிலுக்கு ஒரு பக்கம் இருந்தது. ஒரே ஒரு பெயர் போட்டிருந்தால் என் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். அதில்லாமல் ஒரு படம் வரைந்திருந்தார்கள். கீழே வெளியில் இருக்கும் குளிர், சூடு. மேலே பெயருக்குப் பதில் நம்பர் போட்ட ஐந்து ஆயில்கள், ஐந்து அம்புக்குறிகள். மைனஸ் முப்பதில் தொடங்கி நாற்பதில் முடிந்தது. எங்கள் ஊர்ச் சித்திரை மாதம் அந்தப் படத்துக்கே வெளியில் இருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகளுக்கு ஃபோன் செய்தேன். "சர்வீஸ் சென்டர்ல விட்டுடும்மா, அவங்களுக்குத் தெரியும்" என்றாள். விட்டால் இரண்டு நாள் ஆகும், அப்பாவுக்கு ஒரு பயிற்சி போய்விடும் என்றேன். "அப்ப நான் ஆன்லைன்ல போட்டு விடறேன், இருக்கறதுலயே பெஸ்ட்டா." மறுநாளே வந்துவிட்டது. டப்பாவில் 0W20 என்று போட்டிருந்தது. மெக்கானிக்கிடம் காட்டினேன். டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி கணக்கா கீது மேடம், இது புது வண்டிக்கு ஊத்துறது. உங்க வண்டிக்கு இருபது நாப்பது ஊத்தலாம்" என்று 20W40 டப்பா ஒன்றைக் காட்டினார். கிழக்குக் கடற்கரைச் சாலை பெட்ரோல் பங்கில் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா, இத எடுத்துக்கோங்க" என்று பக்கத்தில் அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்து நீட்டினார் அங்கிருந்தவர். எல்லாம் ஒன்று என்றால் எதற்கு இத்தனை டப்பா என்று சுள்ளென்று கேட்டுவிட்டு வந்தேன். பாவம், அவர் மேல் என்ன தப்பு.

பிறகு செங்கல்பட்டில், என் கணவர் உள்ளே பயிற்சியில் இருந்த நேரத்தில், ஸ்டேஷன் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். தரையிலிருந்து கூரை வரைக்கும் டப்பாக்கள், சிவப்பில், மஞ்சளில், பச்சையில். கடைக்காரர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வண்டி எந்த வருஷம்? எவ்வளவு ஓடியிருக்கிறது? ஆயில் குடிக்கிறதா? எங்காவது ஒழுகுகிறதா? இதற்கு முன்னால் என்ன ஊற்றினீர்கள்? முதல் இரண்டுக்குத்தான் பதில் தெரிந்தது. வகுப்பில் திருதிருவென்று முழிக்கிற பிள்ளைகளை நான் எத்தனை பேரை நிற்க வைத்திருக்கிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

யோசித்துவிட்டுக் கடைக்காரர் 10W30 என்று ஒரு மூன்றரை லிட்டர் டப்பாவை எடுத்து வைத்தார். டூப்ளிகேட் இல்லையே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சீலைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"என்கிட்ட டூப்ளிகேட்டு கெடையாதும்மா. ஆனா நீங்க ஊத்திட்டு காலி டப்பாவ அப்டியே தூக்கிப் போட்டுடாதீங்க. ஓட்ட போட்டுப் போடுங்க. இல்லன்னா அத பொறுக்கிகினு போய், கண்டத ஊத்தி, சீலு வெச்சு வித்துடுவானுங்க."

அதைக் கேட்டதும் எனக்குத் தலையில் தட்டியது மாதிரி இருந்தது. காலி டப்பா! எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்பது காலி டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றியதும் என் கணவர் டப்பாவைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, செடி வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுப்பார். கற்பூரவள்ளி, துளசி, மணி பிளாண்ட் எல்லாம் அதில்தான் வளர்ந்தன. கம்பெனி விளம்பரம் நம் வீட்டில் எதற்கு என்று நான் ஒவ்வொன்றுக்கும் பச்சை பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு சுரண்ட உட்கார்ந்தேன். பச்சையோடு சேர்ந்து அடியில் இருந்த எழுத்தும் உரிந்து வந்தது. ஒன்றில் ஒரு பாதி வட்டம் தெரிந்தது. அது மூன்றா, எட்டா, பூஜ்யமா என்று சொல்ல முடியவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வீட்டில் அந்த மனிதர் பெயர் எழுதாத பொருள் கிடையாது. சோதனைக்கூடத்தில் லேபிள் இல்லாத பாட்டிலைக் கொட்டிவிடுவார்களாம். அந்தப் பழக்கத்தில் உப்பு டப்பாவில் உப்பு என்றும், சர்க்கரையில் சர்க்கரை என்றும், வாங்கிய தேதியோடு மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருப்பார். இந்த ஆயிலுக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லையே என்று மனதுக்குள் திட்டினேன்.

அன்று சாயங்காலம் மகள் அனுப்பியது, செங்கல்பட்டில் வாங்கியது, இரண்டு டப்பாக்களையும் சாப்பாட்டு மேஜையில் அவர் முன்னால் வைத்தேன்.

"இதாங்க?"

"சரி."

"இல்ல, இதா?"

"சரி."

"ரெண்டும் இல்லையா? மெக்கானிக் சொல்ற இருபது நாப்பதா?"

"சரி."

"எல்லாத்துக்கும் சரின்னா நான் என்னதான் பண்றது? என்னை நட்டாத்துல விட்டுட்டு இப்படி உக்காந்திருக்கீங்களே!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் ஒரு நிமிடம் குறைந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி, 10W30 டப்பாவை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, அதன் கைப்பிடிக்குள் விரல்களை விட்டுப் பிடித்துக்கொண்டார். "விளையாடாதீங்க" என்று பிடுங்கி அலமாரியில் வைத்தேன். அப்படிக் கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதற்கும் சரி என்பார், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

புதன்கிழமை காலை ஷெட்டுக்குப் போனோம். பதினொரு மணிக்குப் பேச்சுப் பயிற்சி. பத்து மணிக்குள் முடித்துத் தருகிறேன் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். என்ன ஆனாலும் கடைக்காரர் கொடுத்ததையே ஊற்றுவது என்று முடிவு செய்திருந்தேன். கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். இருந்தாலும் இரண்டு டப்பாவையும் எடுத்து வந்திருந்தேன். என் கணவரை வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். மெக்கானிக் அடியில் புகுந்து பழைய ஆயிலைத் தட்டில் வடித்தார். குப்பத்திலிருந்து ஒருவர் கம்பங்களுக்குக் கரையான் வராமல் பூச அந்தக் கறுப்பு ஆயிலைக் கேனில் வாங்கிக்கொண்டு போனார். ஃபில்டரை மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் புது டப்பாவின் சீலை உடைத்து, ஊற்றத் தூக்கினார்.

அப்போது என் கணவர் எழுந்தார். யாரும் பிடிக்கவில்லை. ஊன்றுகோலை ஊன்றி, விழுந்த காலை இழுத்து, ஒரு அடி, இரண்டு அடி என்று வந்தார். நான் ஓடுவதற்குள் வண்டியின் முன்பக்கம் வந்துவிட்டார். ஊன்றுகோல் கீழே விழுந்தது. பானெட் விளிம்பில் சாய்ந்துகொண்டு, இடது உள்ளங்கையை ஆயில் ஊற்றும் வாய் மேல் வைத்து மூடிவிட்டார்.

"சார், கைய எடுங்க சார்."

"சரி" என்றார். கையை எடுக்கவில்லை.

"இன்னா மேடம், சரின்றாரு, கைய எடுக்க மாட்றாரு."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வேண்டாம் என்கிறார்! இத்தனை மாதமாக நான் காத்திருந்த வேண்டாம் இதுதான். அழுதுகொண்டே சிரித்தேன். "வேண்டாமா? இந்த ஆயில் வேண்டாமா?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "சரி, சரி, சரி" என்றார், உள்ளங்கையை இன்னும் அழுத்திக்கொண்டு. மகள் அனுப்பிய டப்பாவைக் காட்டினேன். கை அசையவில்லை. மெக்கானிக் உள்ளே ஓடி இருபது நாப்பதை எடுத்து வந்தார். அதற்கும் அசையவில்லை. வேறு என்ன ஆயில் இருக்கிறது உலகத்தில்? புத்தகத்துப் படத்தில் இருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி, எல்லாவற்றுக்கும் அதே கை.

மணி பத்தரை. இன்ஜினில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூட முடியாது. பின்னால் ஒரு லோடு வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "எதுனா ஒண்ண ஊத்தியாவணும் மேடம். சொல்லுங்கோ" என்றார் மெக்கானிக். நான் கெஞ்சிப் பார்த்தேன். "நேரமாச்சுங்க, பதினோரு மணிக்கு உங்களுக்குப் பேச்சுப் பயிற்சி. இன்னைக்கு விட்டா அடுத்து வெள்ளிக்கிழமைதான். கைய எடுங்க" என்றேன். வேண்டாம் என்று சொல்லப் பழகும் பயிற்சிக்குத்தான் நேரமாகிறது என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நானே கையை எடுத்தேன். சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்தேன். இடது கையில் அவருக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை. கட்டை விரல் கடைசி வரைக்கும் விடவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, மெக்கானிக் திரும்பக் கையில் எடுத்திருந்த 10W30 டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊத்துங்க" என்றேன். மெக்கானிக் 10W30ஐ ஊற்றினார்.

செங்கல்பட்டுக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனோம். "இந்த வாரம் எதாவது புதுசா தெரிஞ்சுதாம்மா?" என்று பயிற்சிப் பெண் வழக்கம்போலக் கேட்டாள். "ஒண்ணும் இல்ல" என்றேன். ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நடந்ததைச் சொன்னால், அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க என்று அவள் கேட்பாள்.

வண்டி நன்றாக ஓடியது. சத்தம்கூடக் குறைந்திருந்தது. தப்பான ஆயிலை ஊற்றிவிட்டேனோ என்று ஒவ்வொரு நாளும் ரோட்டில் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். திருக்கழுக்குன்றம் தாண்டினால்தான் மூச்சு வரும்.

ஒரு வாரம் கழித்து அவருக்கு இருமல். கற்பூரவள்ளி பறிக்கக் கொல்லைக்குப் போனேன். வேர் அடியில் இருந்த ஓட்டை வழியாக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. தொட்டியை அசைத்ததும் மொத்தமும் பெயர்ந்து கவிழ்ந்துவிட்டது. அடிப்பாகம் வெயிலுக்குத் திரும்பி நின்றது. சேறு ஒட்டியிருந்த இடத்தில் மார்க்கர் பேனா எழுத்து. புடவைத் தலைப்பால் துடைத்தேன். அவருடைய சின்னச் சின்ன எழுத்தில் 10W30, அதன் கீழே மாதம், வருடம், வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர்.

ஒன்பதையும் கவிழ்த்துப் பார்த்தேன். துளசியைக்கூட விடவில்லை. ஒன்பதிலும் 10W30.

ஆயில் சரிதான். அவர் வழக்கமாக ஊற்றியதைத்தான் ஊற்றியிருக்கிறோம். அப்படியானால் அந்தக் கை எதற்கு? கொட்டிக் கிடந்த மண்ணுக்கு நடுவில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மேஜையில் அந்த டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக் கைப்பிடிக்குள் விரலை விட்டது ஞாபகம் வந்தது. ஷெட்டில் அவர் டப்பாவையே பார்த்தது ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த வண்டிக்கு அவரைத் தவிர வேறு யாரும் ஆயில் ஊற்றியதில்லை. இந்த ஆயில் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. என்னிடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். நான் விரல் விரலாகப் பிரித்து எடுத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்தது.

டப்பாவில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. மறுநாள் காலை கிளம்புவதற்கு முன்னால் வாசலில் வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்தேன். நாற்காலியை முன்னால் போட்டு அவரை உட்கார வைத்தேன். ஆயில் மூடியைத் திருகி எடுத்தேன். வண்டிக்கு அப்போது ஆயில் தேவையில்லை, இரண்டு சொட்டு ஊற்றினாலும் போதும், கீழே கொட்டினாலும் பரவாயில்லை. டப்பாவை அவர் இடது கையில் கொடுத்தேன்.

"ஊத்துங்க. நீங்களே ஊத்துங்க."

"சரி" என்றார்.

டப்பாவைப் பார்த்தார். திறந்திருந்த இன்ஜினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரல்கள் கைப்பிடியில் மடங்கவில்லை. நான் என் கையால் அவற்றை மடக்கிப் பிடித்தேன். விட்டதும் விரிந்துவிட்டன. டப்பா மடியில் சாய்ந்தது. அன்றைக்கு ஒவ்வொன்றாக நான் பிரித்த அதே விரல்கள்.

"வேண்டாமா?" என்றேன்.

"சரி."

வெயில் ஏறிவிட்டது. டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தேன். மூடியைத் திருகி, பானெட்டை இறக்கினேன். அவரை முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டிவிட்டு, இந்தப் பக்கம் வந்து ஏறினேன்.

"போகலாமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.